நாய்க்கு வலி குறைந்ததை யார் சொல்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

விலங்குகளுக்கான ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) சிகிச்சை பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். தேய்ந்த மூட்டில் செலுத்தும் செல்கள் புதுக் குருத்தெலும்பாக வளர்ந்துவிடும் என்று அதில் இருந்தது. கால்நடை மருத்துவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. செலுத்தும் செல்களில் பெரும்பாலானவை சில வாரங்களுக்குள் மறைந்துவிடுகின்றன. இருக்கும்வரை அவை சுரக்கும் பொருள்கள்தான் அழற்சியை அடக்குகின்றன. ஏறக்குறைய மருந்து செய்யும் வேலை இது. மருந்துக்கு வைக்கும் சோதனையைத்தான் இதற்கும் வைக்க வேண்டும்.

குதிரைகளில் இந்தச் சிகிச்சை ஓரளவு தேறியிருக்கிறது. ஓட்டத்தில் முன்னங்காலின் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) கிழிந்தால் அது தழும்பாகத்தான் ஆறும். தழும்புக்குப் பழைய நெகிழ்வு கிடையாது, மறுபடி ஓடவிட்டால் மறுபடி கிழியும். அதனால் மார்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, ஆய்வகத்தில் சில வாரம் செல்களைப் பெருக்கி, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடியே கிழிசலுக்குள் செலுத்துகிறார்கள். 113 பந்தயக் குதிரைகளைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான ஆய்வில் மறுபடி காயம்பட்டவை சுமார் 27 சதவீதம். முந்தைய ஆய்வுகளில் வேறு சிகிச்சை பெற்ற குதிரைகளோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஆனால் செல் செலுத்தாத குதிரைகளையும் கூடவே வைத்து அந்த ஆய்வு நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நாய்களின் மூட்டுவாதத்தில்தான் சிக்கல். "நேற்று தானாகவே படி ஏறினான் டாக்டர்" என்று வளர்ப்பவர் பூரிப்பார். அதே நேரம் அந்த நாய் என் எதிரே இடது பின்னங்காலை ஊன்றாமல் நிற்கும். நாய்க்கு ஊசியின் மேல் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், கூட்டிவந்தவருக்கு நிறையவே இருக்கிறது. (பார்க்கும் மருத்துவருக்கும்தான்.) போதாக்குறைக்கு மூட்டுவலி ஏறி இறங்கும் தன்மை உடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் கூட்டிவருவார்கள். எதுவும் செய்யாவிட்டாலும் பிறகு சற்றுக் குறையும். ஆகவே ஒவ்வொரு காலும் எவ்வளவு எடை தாங்குகிறது என்று அளக்கும் தகட்டின் மேல் நடக்கவிட்டு, செல் இல்லாத வெறும் ஊசி போட்ட நாய்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளையே நான் பொருட்படுத்துகிறேன்.

பல்லெல்லாம் எடுத்தும் ஆறாத வாய்ப்புண் உள்ள பூனைகளில், அவற்றின் கொழுப்பிலிருந்தே வளர்த்த செல்களைச் செலுத்திய 2016ஆம் ஆண்டு கலிபோர்னியா ஆய்வு நம்பிக்கை தருகிறது. ஏழில் ஐந்து தேறின. ஏழே பூனைகள் என்பதை மறக்கக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் குதிரைகளின் நொண்டலுக்கு ஸ்டெம் செல் மருந்தை அனுமதித்தது. 2022இல் நாய்களுக்கும் ஒன்று வந்தது. அதிலுள்ள செல் குதிரையின் தொப்புள்கொடியிலிருந்து எடுப்பது! இவற்றில் ஒரு டோஸில் எத்தனை செல் என்பது வரையறுக்கப்பட்டது. காலையில் விலங்கின் கொழுப்பை எடுத்து, அதிலுள்ள செல்களைப் பிரித்து, மாலையே ஊசியாகப் போடுவது வேறு சமாச்சாரம். அதில் ஸ்டெம் செல் சிறு பங்குதான். மற்றவை ஏதேதோ செல்கள். தங்கள் கட்டுரை இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டது.

அடுத்த முறை ஒரு விலங்கு குணமானது என்று எழுதும்போது, எந்தச் செல், எத்தனை, எதை வைத்து அளந்தார்கள் என்ற விவரத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்