முதுகைப் பார், பிறகு காலைப் பார்

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள சிவலிங்கம்,

வீட்டில் எல்லோரும் சுகம். இங்கே சாயங்காலம் ஆனால் மழைதான். கோயம்புத்தூரிலிருந்து உன் மருமகன் அனுப்பிய மார்வாரிக் குதிரையின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆள் ஏறாதபோது ரேவால், அதாவது நாலு காலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும் நடை, அழகாக வருகிறது; ஏறினால் பேஸ் நடையாக உடைந்துவிடுகிறது. அதற்குள் லாடத்தை மாற்றச் சொல்லிவிட்டார்களாம். லாடம் இருக்கட்டும், முதலில் முதுகைப் பார்க்கச் சொல்.

முதுகெலும்பு வில் என்றால் அடிவயிற்றுத் தசைதான் நாண். நாண் இறுகினால் முதுகு எழும்பும், இடுப்பு உள்ளே மடியும், பின்கால் வயிற்றுக்கடியில் வரும். நாண் தளர்ந்து முதுகின் நீளத் தசை விறைத்தால் முதுகு குழியும், தலை தூக்கும், பின்கால் பின்னாலேயே இழுபடும். குழிவு மிஞ்சினால் ஒரு பக்கத்து இரண்டு காலும் சேர்ந்து போகும், அதுதான் பேஸ். முதுகு அதிகம் எழும்பினால் குறுக்குக்கால்கள் ஜோடி சேர்ந்து டிராட் ஆகிவிடும். ரேவால், ஐஸ்லாந்துக் குதிரையின் டோல்ட் நடை எல்லாம் இரண்டுக்கும் நடுவில். அதனால், ‘முதுகை உருட்டு’ என்று டிரெஸாஜ் (நளினமான சவாரிக் கலை) ஆட்கள் சொல்வது ரேவாலுக்குப் பாதிதான் சரி. நம்மூர் லாயங்களில் இருப்பது பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்ந்த தரோபிரெட் இனக் குதிரை, டிராட் போடுவது. அவர்கள் கண் அதற்கே பழகிவிட்டது.

இப்படிப்பட்ட நடை பிறவியிலேயே வருவதும் உண்டுதான். DMRT3 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் குதிரையின் நடையைத் தீர்மானிக்கிறது என்று 2012இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் மரபணு வாசலைத் திறந்துவிடும், அவ்வளவுதான். ஏறியதும் நடை கெடுகிறது என்றால் கோளாறு மேலே இருக்கிறது.

குளம்புச் சத்தத்துக்குக் காதை நம்பாதே, அளந்து பார்க்கச் சொல். போனில் நொடிக்கு 240 பிரேம் வைத்துப் பக்கவாட்டில் எடுக்கட்டும். இடது பின்கால் ஊன்றி மறுபடி ஊன்றும் வரை 120 பிரேம் என்று வை. இடது பின்காலுக்கும் இடது முன்காலுக்கும் இடையே 30 இருந்தால் நாலு தட்டும் சமம். 15க்கு இறங்கினால் பேஸ் பக்கம் சாய்கிறது, 45க்கு ஏறினால் டிராட் பக்கம்.

அடுத்து சேணம். கடைசி விலா எலும்பைத் தடவி முதுகெலும்பு வரை மேலே போனால் பதினெட்டாவது முள் வரும். சேணத்தின் பாரம் அதற்குப் பின்னால் போகவே கூடாது. அங்கே தாங்க விலா இல்லை. வீடியோவில் சேணம் பின்னால் சரிந்திருக்கிறது, ஏறியவனும் நாற்காலியில் சாய்ந்ததுபோல் உட்கார்ந்து கடிவாள வாரை மேலே இழுக்கிறான். குழியாமல் என்ன செய்யும்? இறக்கியதும் முதுகுத் தசையை இரு பக்கமும் விரலால் அழுத்திப் பார்க்கட்டும். சட்டென்று அமுங்கி விலகினால் வலி இருக்கிறது. அப்படியானால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

வலி இல்லையென்றால், ஏறுமுன் வயிற்றுவார் படும் இடத்தில் நடுக்கோட்டில் விரல் நுனியால் மேல்நோக்கி அழுத்தட்டும். முதுகு எழும்புவது கண்ணுக்கே தெரியும். ஐந்து நொடி, நாலைந்து தடவை; உதைக்கும் குதிரைக்கு வேண்டாம். பிறகு தளர்ந்த வாரில் பத்து நிமிடம் மெதுநடை. தரையில் நாலு கழி, 80 செ.மீ. இடைவெளி, எட்டவில்லை என்றால் நெருக்கிப் போடலாம். லேசான ஏற்றமும் நல்லது. அதன் பிறகே ரேவால், அதுவும் இருபது முப்பது மீட்டர்தான். உடைவதற்கு முன்பே மெதுநடைக்கு இறக்கிவிட வேண்டும். இதில்தான் பொறுமை போகும். நடை வந்த சந்தோஷத்தில் ஓட்டிக்கொண்டே போனால் தசை களைத்து மறுபடி குழிந்துவிடும்.

டிராட் பக்கம் சாயும் குதிரைக்கு இந்தக் கழி வேலை ஆகாது, டிராட்டைத்தான் வளர்க்கும். அதற்குக் கழுத்தைக் கொஞ்சம் உயர விட்டு, லேசான இறக்கத்தில் விட்டுப் பார்க்கலாம்.

ஆடியில் அந்தியூர் சந்தைக்கு நீ போனால் வாங்குமுன் ஆளை ஏற்றி நடக்கச் சொல். கையில் பிடித்து ஓட்டிக் காட்டும் நடைக்கு விலை பேசாதே.

அன்புடன்,
ராஜு