பூட்டன், பூட்டியிடம் பிள்ளைகள் கேட்கட்டும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். தரம் 9, 10 மாணவர்கள் இந்தத் தவணை, இரண்டாம் உலகப் போர்க் காலத்து நினைவுகளை முதியவர்களிடம் கேட்டுச் செய்யப்போகும் வரலாற்றுச் செயற்றிட்டம் பற்றியது இந்தக் கடிதம். உங்கள் உதவி இல்லாமல் இது நடக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாம் உலகப் போரில் படைச்சேவை செய்தவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் புளோரன்ஸ் கிறீன் என்ற ஆங்கிலேயப் பெண். 1918இல், 17 வயதில், விமானப்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து அதிகாரிகளின் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறியவர். 2012 பெப்ரவரியில் 110 வயதில் காலமானார். அகழிகளில் நின்று சண்டை பிடித்தவர்களில் கடைசியானவர் ஹரி பட்ச். அவர் 2009இல் 111 வயதில் போய்ச் சேர்ந்தார். நூறு வயது வரைக்கும் அவர் போரைப் பற்றி வாயே திறக்கவில்லை. யாரோ போய்க் கேட்டபிறகுதான் கதைத்தார்.

இப்போது இரண்டாம் உலகப் போரின் முறை. 1945இல் பதினெட்டு வயதில் படையில் நின்றவருக்கு 2027இல் நூறு வயது.

அந்தப் போருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்ன தொடுப்பு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பலாலி விமானத்தளத்தை முதலில் அமைத்ததே அந்தக் காலத்துப் பிரித்தானிய விமானப்படைதான். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. பர்மா அரிசி நின்றது, அளந்து கொடுக்கும் பங்கீட்டுக் கூப்பன் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக மலாயா. அங்கே ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்த நம்மவர்கள் பிள்ளைகுட்டிகளோடு மூன்றரை வருடம் ஜப்பானியர் ஆட்சியில் அகப்பட்டுக் கிடந்தார்கள். ஜப்பானியர் சயாமில் (இன்றைய தாய்லாந்து) இருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில்பாதையில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள்.

போன தவணை ஒரு மாணவி தன் பூட்டியின் ட்ரங்குப் பெட்டியில் இருந்த பத்து டொலர் தாள் ஒன்றைக் காட்டினாள். ஜப்பானியர் மலாயாவில் அடித்த காசு. குலை தள்ளிய வாழைமரம் போட்டிருக்கிறது. தொடர் இலக்கம்கூட இல்லை, இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும். 1945இல் பிரித்தானியர் திரும்பி வந்ததும் அது வெறும் கடதாசி ஆகிவிட்டது. சம்பளமாக வாங்கிச் சேர்த்ததெல்லாம் ஒரே நாளில் போனதென்று பூட்டி சொன்னதை அந்தப் பிள்ளை வகுப்பில் சொன்னபோது, பின்வாங்கில் இருப்பவர்களும் எழும்பி வந்து பார்த்தார்கள். எந்தப் பாடப்புத்தகத்தாலும் அதைச் செய்ய முடிந்ததில்லை.

ஆகவே, உங்கள் வீட்டிலோ ஒழுங்கையிலோ தொண்ணூறு தாண்டியவர்கள் இருந்தால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கதைக்க வையுங்கள். படையில் இருந்தவர்தான் வேண்டுமென்று இல்லை. கூப்பன் அரிசி போதாத நாளில் அடுப்பில் என்ன வைத்தார்கள், மலாயாவில் இருந்து கடிதம் வராத வருடங்களில் வீட்டில் என்ன நினைத்தார்கள் என்று கேட்டாலே போதும். பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி விடுங்கள்: சொல்ல மனமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது. நம் வீடுகளில் கதைக்காமல் வைத்திருக்கிற விடயங்கள் எத்தனையென்று உங்களுக்கே தெரியும். பழைய போரைக் கேட்கப்போய்ப் பிந்திய போரின் காயம் கிளறுப்படலாம். அப்படியென்றால் கொப்பியை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரட்டும். புள்ளி குறைக்க மாட்டோம்.

பதக்கம், கடிதம், கடவுச்சீட்டு எதையும் பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம். போனில் படமெடுத்தால் போதும். வீட்டார் சம்மதம் இல்லாமல் எதையும் காட்சிக்கு வைக்கமாட்டோம். இணைத்துள்ள சம்மதப் படிவத்தை வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டில் அப்படி ஒருவரும் இல்லாத பிள்ளைகளை, சம்மதிக்கும் அயல்வீட்டுப் பெரியவர்களிடம் வரலாற்று ஆசிரியர் கூட்டிச் செல்வார்.

இப்படிக்கு,
அதிபர்