கத்தி கைக்கு வந்த பிறகு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒருவர், மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் செய்து கொடுத்த கத்தியை இன்னும் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருப்பதாக எழுதியிருந்தார். அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறாராம், துடைக்கிறாராம், திரும்ப வைத்துவிடுகிறாராம். இன்னொருவர் கத்தி கைக்கு வந்த அன்றே அதைச் சிமெண்டுக் கல்லில் ஓங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, வாயில், அதாவது வெட்டுகிற கூர் விளிம்பில், ஆறு இடத்தில் சில்லுப் பெயர்ந்து பல் விழுந்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் வந்தது. சரி, எல்லாருக்குமே எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

கையால் செய்த கத்தியை வாங்கியவர் முதல் மாதத்திலேயே அதைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். அது என்ன வேலைக்குச் செய்யப்பட்டதோ அந்த வேலையைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். குறை இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். எங்கள் தப்பா உங்கள் கைப்பழக்கமா என்பதும் அப்போது சுலபமாகப் புரியும். மூன்று வருடம் கழித்து வந்து நிற்கும் கத்தியிடம் எதுவும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். இந்த மடங்காத கத்திகளுக்கு நாங்கள் எடுப்பது 5160 என்ற எஃகு. லாரிக்கு அடியில் இருக்கும் பட்டை வில்லுக்குப் போடுகிற ரகம். கார்பன் 0.6 சதவீதம், குரோமியம் 0.8 சதவீதம், சுமாராக. அதை ஏறத்தாழ 830 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி எண்ணெயில் முக்கிச் சட்டென்று ஆறவைக்கிறோம், இதைத்தான் துவைச்சல் என்போம். எண்ணெயிலிருந்து வெளியே வரும்போது அது கண்ணாடி மாதிரி. கை தவறிக் கல் தரையில் விழுந்தால் இரண்டாகப் போனாலும் போகும். அந்த முறுக்கை, அதாவது கடினத்தை, கொஞ்சம் இறக்கத்தான் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடியும் இரண்டு மணி நேரம் வைக்கிறோம். கடைசியில், எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 58, 59 என்று நிற்கும்.

இன்னும் முறுக்காக விடக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. விடலாம், கூர் இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாக நிற்கும். ஆனால் நல்ல அரம் ஒன்று 62-க்கு மேல் இருக்கும், அதைத் தரையில் போட்டால் என்ன ஆகும் என்று பட்டறையில் வேலை செய்த எவருக்கும் தெரியும். வெளியில் கட்டை பிளக்கப் போகும் கத்தி மழுங்கினால் பத்து நிமிடத்தில் தீட்டிக்கொள்ளலாம். பல் விழுந்தால் அன்றைய வேலை போச்சு.

வாய் பிடித்த, அதாவது கூர் தீட்டி முடித்த, ஒவ்வொரு கத்தியும் இங்கிருந்து கிளம்புவதற்கு முன் பித்தளைக் கம்பி மேல் ஏறும். ஆறு மில்லிமீட்டர் கம்பியை வைஸ் என்ற இடுக்கிப் பிடியில் படுக்கவைத்துக் கட்டி, அதற்குப் பின்னால் ஒரு விளக்கைப் போட்டுக்கொள்வோம். கத்தியைத் தீட்டுகிற சாய்வில் கம்பி மேல் வைத்து அழுத்தினால், அழுத்துகிற இடத்தில் மட்டும் வாய் லேசாகப் பிதுங்கும். மயிரிழை அளவு வளைவுதான். அதன் மேல் விளக்கு வெளிச்சம் ஒரு புள்ளியாக வந்து உட்காரும். கத்தியை மெல்ல இழுத்தால் அந்தப் புள்ளி வாயோடு கூடவே ஓடும், கடந்து வந்த இடம் பழையபடி நேராகிவிடும். வளைந்தது வளைந்தபடியே நின்றால் இரும்பு இளக்கம். பொடிந்து உதிர்ந்தால் முறுக்கு அதிகம். வீட்டில் இதை முயல வேண்டாம். பழகாத கை கூடுதலாக அழுத்தி நல்ல வாயையும் கெடுத்துவிடும்.

எஃகு புதுக் கட்டாக வரும்போது முதல் கத்தியை வேண்டுமென்றே உடைத்தும் பார்க்கிறோம். உடைந்த முகத்தைப் பார்த்தால் போதும். சாம்பல் நிறத்தில், வெல்வெட்டுத் துணி மாதிரி, பளபளப்பே இல்லாமல் இருந்தால் சூடு சரியாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். மணல் மாதிரி மினுமினுத்தால் உலையில் அதிகம் காய்ந்துவிட்டது, எஃகுக்குள் இருக்கிற நுண்ணிய மணி பெருத்துவிட்டது. அப்படிப்பட்ட இரும்பு பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அடி தாங்காது.

கத்தியை வைஸில் கட்டி 90 டிகிரி வளைத்துக் காட்டுவீர்களா என்று கேட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். அது அமெரிக்கன் பிளேடுஸ்மித் சொசைட்டி, 1976-ல் தொடங்கிய அமைப்பு, கொல்லர்களுக்கு வைக்கிற தேர்வு. ஒரே கத்தி தொங்குகிற ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். அப்புறம் பலகைச் சட்டத்தை இரண்டு தடவை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் கை முடியைச் சிரைக்கிற கூர் மிச்சம் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்து கடைசியில்தான் வளைப்பது. செய்தவருக்கு இரும்பின் சூடு கைவசம் இருக்கிறதா என்று பார்க்கிற தேர்வு அது. அதற்கென்றே முதுகை இளக்கமாகவும் வாயை மட்டும் முறுக்காகவும் வைத்துச் செய்வார்கள். தேர்வோடு அந்தக் கத்தியின் ஆயுளும் முடிந்தது. உங்கள் கத்தி முதுகிலிருந்து வாய் வரை ஒரே முறுக்கு. 90 டிகிரி வளைத்தால் உடையும், அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

இரும்பைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு முதலில் பிடியைச் சோதியுங்கள். கட்டைவிரல் கனத்தில் ஒரு குச்சியை எடுத்து, கையுறை போடாமல், அரை மணி நேரம் விடாமல் சீவுங்கள். வாங்கிய அன்று கையில் பிடித்துப் பார்க்கும்போது எல்லாப் பிடியும் நன்றாகத்தான் இருக்கும். இருபதாவது நிமிடத்தில் சுட்டுவிரலுக்கு அடியிலோ உள்ளங்கையின் நடுவிலோ ஓர் இடம் சுருக்கென்று சூடாகத் தெரிய ஆரம்பிக்கும். கொப்புளம் வரப்போகிற இடம் அதுதான். அந்த இடத்தில் பேனாவால் ஒரு குறி போட்டு அனுப்புங்கள். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் இழைத்தால் சரியாகிவிடும். உங்கள் கையைக் காகிதத்தில் வரைந்து வாங்கித்தான் பிடி செய்கிறோம் என்பது உண்மை, ஆனால் காகிதத்தில் இருக்கிற கை வேலை செய்யாதே. என்னைக் கேட்டால் ஒரு கத்தி பிடித்துப்போவதும் பிடிக்காமல்போவதும் முக்கால்வாசி இந்தப் பிடியில்தான் இருக்கிறது. எஃகைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்.

அடுத்தது சுருள் சீவல். காய்ந்த, முடிச்சில்லாத கட்டைத் துண்டிலிருந்து மெல்லிய சுருள்களை, கட்டையை விட்டுப் பிரிந்துவிடாமல், ஒன்றன் பின் ஒன்றாக எழுப்ப வேண்டும். தீ மூட்ட அது எப்படியும் உதவும். கத்தி கட்டைக்குள் குத்திக்கொண்டு போனால் கையின் சாய்வு கூடுதல், பழகப் பழகச் சரியாகும். மேலேயே வழுக்கிக்கொண்டு போனால் வாய் மழுங்கியிருக்கிறது, அல்லது வாய்க்குப் பின்னால் இரும்பு தடிமனாக இருக்கிறது. நாங்கள் வாய்க்கு மேலே அரை மில்லிமீட்டர் தடிமன் விட்டு, இரு பக்கமும் 20 டிகிரியில் வாய் பிடிக்கிறோம். தீட்டிய பிறகும் வழுக்கினால் எங்களிடம் அனுப்பிவிடுங்கள், அது எங்கள் வேலை.

பிறகு பழைய அட்டைப்பெட்டிகளை நீள நீளமாகக் கிழியுங்கள். அட்டையில் நுண்ணிய மண் துகள் கலந்திருக்கும், அதனால் மரத்தைவிட வேகமாக வாயைத் தேய்க்கும். ஆரம்பிப்பதற்கு முன்னும் பின்னும் செய்தித்தாள் ஒன்றை வெட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் சிக்குகிறதோ அந்த இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். மழுங்கினது ஒருமாதிரி தெரியும், மடிந்து சுருண்டது வேறுமாதிரி தெரியும்.

கட்டை பிளப்பதில்தான் நிறையக் கத்திகள் சேதமாகின்றன. கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டுவது. சுத்தியலால் அல்ல, மரத்தால். கட்டை மணிக்கட்டு கனத்துக்குள் இருக்கட்டும், முனைப்பக்கம் நாலு விரல் நீளமாவது வெளியே நிற்கட்டும், நார் நேராக ஓடட்டும். முடிச்சு இருந்தால் அந்தக் கட்டையை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். பாதியில் மாட்டிக்கொண்டால் பக்கவாட்டில் திருகாதீர்கள். கட்டையையும் கத்தியையும் சேர்த்துத் தூக்கி, கட்டையைத் தரையில் தட்டினால் இறங்கும். உறைபனிக் குளிரில் இதைச் செய்பவர்கள் இன்னும் பார்த்து அடிக்க வேண்டும். குளிர்ந்த எஃகு அடி தாங்குவது குறைவு.

கல், ஆணி, வீசி எறிவது, முனையை நெம்புகோலாக்குவது, இவற்றைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சிமெண்டுக் கல்லில் போட்டவருடைய கத்தியை மறுபடி வாய் பிடித்து அனுப்பிவிட்டோம். அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போய்விட்டது. அவரும் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

எல்லாக் குறையும் உங்களுடையது என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்து இரண்டு தப்புகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வாடிக்கையாளர், கத்தியின் முனைப்பக்கம் மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது, நாலு குச்சி சீவினால் மடிந்துவிடுகிறது என்று அனுப்பியிருந்தார். விளக்கில் பார்த்தால் முனையிலிருந்து இரண்டு விரல் நீளத்துக்கு வாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, மற்ற இடம் அப்படியே இருந்தது. கடைசியாக இயந்திரத்தில் சுழல்கிற தீட்டுப் பட்டையில் வாய் பிடித்தபோது முனையில் ஒரு கணம் கூடுதலாக நின்றிருக்கிறோம். முனைதான் மெலிசு, சூடு அங்கேதான் முதலில் ஏறும். பதப்படுத்திய 200 டிகிரியைத் தாண்டிச் சூடானால் அந்த இடம் இளகிவிடும். ரொம்பத் தாண்டி 300-ஐ நெருங்கியிருந்தால் நீலம் பாய்ந்து கண்ணுக்கே தெரிந்திருக்கும். இதில் நிறமே இல்லை, பித்தளைக் கம்பியிலும் நாங்கள் நடுப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். கையால் கல்லில் தீட்டி அந்த இரும்பை எடுத்தவுடன் உள்ளே நல்ல இரும்பு வந்துவிட்டது. இப்போதெல்லாம் கடைசி வாயைத் தண்ணீர்க் கல்லில் கையாலேயே பிடிக்கிறோம். அதற்கு முன் வாங்கியவர்கள் இரண்டு மூன்று தடவை தீட்டிய பிறகு கூர் முன்பைவிட நன்றாக நிற்கிறதே என்று நினைத்திருந்தால், காரணம் இதுதான்.

இரண்டாவது கொஞ்சம் பெரிய தப்பு. ஒரு கத்தி, பிடியும் அலகும் சேர்கிற இடத்தில் சுத்தமாக ஒடிந்தே போனது. பிடிக்குள் போகிற இரும்பை வால் என்போம். அந்த வாலின் தொடக்கத்தில் உள்மூலையைச் சதுரமாக, அழகாக அறுத்துவிட்டிருந்தோம். அடி விழும்போது பாரம் முழுவதும் அந்த மூலைக்கு வந்து சேரும். துணியை வெட்டுவதற்கு முன் கத்தரியால் ஒரு கீறு போடுவோமே, அது மாதிரி. புதுக் கத்தி செய்து கொடுத்தோம். அன்றிலிருந்து துவைச்சலுக்கு முன்பே உருட்டு அரத்தால் அந்த மூலையை வளைவாக்கிவிடுகிறோம்.

துரு விஷயத்துக்கு வருகிறேன். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும், இதில் ஒன்றுகூட இல்லை. ஆகவே பிடிக்கும். பழம், பச்சை மரம் வெட்ட வெட்ட அலகில் சாம்பலும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக ஒரு நிறம் ஏறும். அதைத் தேய்த்து எடுக்காதீர்கள், அது கொஞ்சம் காப்பாற்றவும் செய்யும். ஆரஞ்சு நிறம் தெரிந்தால் மட்டும் எண்ணெய் தொட்டுத் தேய்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் துடைத்து, ஈரம் போனதும் மினரல் ஆயில் ஒரு சொட்டு. ஆளி விதை எண்ணெய் மரப் பிடிக்கு நல்லது, அலகுக்குப் போட்டால் காய்ந்து பிசினாகும். இன்னொன்று, அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவையுங்கள்.

மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் கத்தியைத் தோல் உறைக்குள் விட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். பெட்டியில் வைத்திருக்கும் நண்பர் இதைப் படித்ததும் போய்ப் பார்ப்பது நல்லது. உறையிலிருந்து உருவும்போது விரல்களை வாய்ப்பக்கம் சுற்றிப் பிடிக்காதீர்கள். வாய் தையலை அறுத்துக்கொண்டு வெளியே வந்தால் அங்கே இருப்பது உங்கள் விரல். முதுகுப்பக்கமாகப் பிடியுங்கள். இதில் எனக்கு ஒரு தழும்பு உண்டு.

சரிபார்க்க அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீட்டாமல், துடைக்காமல், இருக்கிறபடியே அனுப்புங்கள். பளபளவென்று தீட்டி வருகிற கத்தியில் என்ன நடந்தது என்று எங்களால் படிக்க முடியாது. வாயின் மேல் கனமான அட்டையை மடித்துப் போட்டு நாடா ஒட்டுங்கள், முனைக்கு மட்டும் இரண்டு மடிப்புக் கூடுதலாக. எதை வெட்டினீர்கள், எவ்வளவு நேரம், எந்த இடத்தில் கோளாறு என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். இரண்டு வரி போதும். கல்லில் பட்டிருந்தால் கல் என்றே எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து