எந்த வருஷத்து சராசரியோட ஒப்பிட்டீங்கன்னு சேர்த்து போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெயில் பத்தி நம்ம பேப்பர்ல வந்த பெட்டிச் செய்திய படிச்சேன். 2024ல உலகம் 1.55 டிகிரி கூடுதல் சூடு, இந்தியா 0.65 டிகிரி தான்னு ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல போட்டிருந்தீங்க. ரெண்டுமே சரியான நம்பர் தான், அப்படி ஜோடியா போட்டது தான் தப்பு. நான் ப்ளஸ் டூ பசங்களுக்கு புவியியல் எடுக்கிறேன், மறுநாளே ஒரு பையன் அந்த பக்கத்த கிழிச்சு எடுத்துட்டு வந்து "அப்ப நம்ம நாட்டுல பாதி கூட ஏறலையே மிஸ்"னு கேட்டான். அவன் கேட்டதுல தப்பே இல்ல, அந்தப் பெட்டிய பாக்குற யாருக்கும் அப்படித்தான் தோணும்.

விஷயம் என்னன்னா அந்த 1.55ங்கறது உலக வானிலை அமைப்பு சொன்னது, 1850லேருந்து 1900 வரைக்கும் இருந்த சராசரியோட ஒப்பிட்டு. 0.65ங்கறது நம்ம இந்திய வானிலை ஆய்வு மையம் சொன்னது, அவங்க ஒப்பிடுறது 1991லேருந்து 2020 வரைக்குமான சராசரியோட, அந்த முப்பது வருஷமே ஏற்கனவே சூடேறின காலம். தங்கம் விலை எவ்வளவு ஏறுச்சுன்னு கேட்டா ஒருத்தர் தாத்தா காலத்து விலையிலேருந்து கணக்கு சொல்றார், இன்னொருத்தர் பத்து வருஷத்துக்கு முன்னாடி விலையிலேருந்து சொல்றார், ரெண்டையும் கூட்டிக் கழிச்சு என்ன புரிஞ்சுக்க முடியும்?

இத சரிபார்க்க விஞ்ஞானியா இருக்கணும்னு அவசியமே இல்ல. டேட்டா எல்லாம் இலவசமா திறந்து கெடக்கு. நாசாவோட ஜிஸ்டெம்ப்ங்கற உலக வெப்பநிலை டேபிள் 1880லேருந்து மாசாமாசம் இருக்கு, சிஎஸ்வி ஃபைலா இறக்கி எக்செல்ல திறந்தா ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வரி, ஜனவரிலேருந்து டிசம்பர் வரைக்கும் பன்னெண்டு கட்டம், அதுக்கு அடுத்த கட்டத்துல வருஷ சராசரி, இன்னும் வராத மாசத்துக்கு மூணு ஸ்டார் போட்டிருப்பாங்க. நாசா ஒப்பிடுறது 1951–1980 சராசரியோட, அதாவது இது மூணாவது அளவுகோல்! அந்தக் கணக்குல 2024 வந்து 1.28. பசங்கள லேப்ல உக்கார வச்சு 1991லேருந்து 2020 வரைக்கும் உள்ள முப்பது வருஷத்துக்கும் ஆவரேஜ் போட சொன்னேன், சுமார் 0.61 வந்துச்சு, 1.28லேருந்து அத கழிச்சா 0.67. ஐரோப்பாவோட கோபர்நிகஸ் அமைப்பு தன் டேட்டால இதே 1991–2020 சராசரிக்கு 0.72னு சொல்லியிருக்கு. ஆக ஒரே அளவுகோல்ல வச்சுப் பாத்தா 2024ல உலகம் 0.7 பக்கம், இந்தியா 0.65. பாதியும் இல்ல ஒண்ணும் இல்ல, கிட்டத்தட்ட சமம். கேள்வி கேட்ட பையன் தான் அந்த கழித்தல போர்டுல எழுதினான்.

இதனால நீண்ட கணக்குலயும் இந்தியாவும் உலகமும் ஒரே வேகத்துல சூடாகுதுன்னு நான் சொல்ல வரல. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020ல வெளியிட்ட அறிக்கைப்படி 1901லேருந்து 2018 வரைக்கும் இந்தியாவோட சராசரி வெப்பம் 0.7 டிகிரி மாதிரி ஏறியிருக்கு, உலக சராசரிய விட இது கம்மி தான். இன்னும் சொல்லப்போனா உலக சராசரியில முக்காவாசி கடல், கடல் மெதுவா சூடாகும், நிலம் வேகமா சூடாகும். ஐ.நா.வோட பருவநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசி கணக்குல, 1850–1900 சராசரிய விட 2011–2020ல நிலம் மட்டும் 1.59 டிகிரி, கடல் 0.88 கூடுதல். அப்ப நிலமான இந்தியா உலக சராசரிய தாண்டியில்ல போயிருக்கணும், ஏன் போகல? காத்துல இருக்குற புகையும் தூசும் வெயில கொஞ்சம் திருப்பி அனுப்புது, வடக்க கங்கைச் சமவெளி முழுக்க பாசனத் தண்ணி ஆவியாகி நிலத்த கொஞ்சம் குளிர வைக்குது. நம்ம நுரையீரலக் கெடுக்குற புகை தான் இந்த சூட்டையும் மறைச்சு வச்சிருக்குங்கறத நினைச்சா எனக்கு வயித்தக் கலக்குது, புகை சில நாள்ல கீழ எறங்கிடும், கார்பன் டை ஆக்சைடு அப்படி எறங்காது.

இன்னொண்ணு, ஒவ்வொரு மே மாசமும் யாராவது ஒருத்தர் "2003 மே 31ல நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி அடிச்சுது, அத இன்னும் தாண்டலையே, அப்புறம் எங்க வெப்பமயமாதல்"னு எழுதுறாங்க. சென்னையில ஒரு நாள் உச்ச வெப்பம்ங்கறது அன்னைக்கு கடக்காத்து எத்தன மணிக்கு உள்ள வந்துச்சுங்கறத பொறுத்தது, பதினோரு மணிக்கு வந்துட்டா தப்பிச்சோம், மூணு மணி வரைக்கும் வரலன்னா அனல். அத வச்சு நூறு வருஷப் போக்க சொல்ல முடியாது. ஒரு ஊரோட டேட்டா வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கி ஆடும், எவ்வளவு பெரிய பரப்ப எடுக்குறோமோ அவ்வளவு அந்த ஆட்டம் அடங்கும், அதனால ஊர், மாநில கணக்குக்கெல்லாம் குறைஞ்சது பத்து வருஷ சராசரியாவது போட்டுத் தான் பேசணும்.

ஆசிரியர் கிட்ட நான் கேக்குறது ரெண்டு தான். வெப்பநிலை நம்பர் எத போட்டாலும் எந்த வருஷங்களோட சராசரிக்கு மேலன்னு அதுக்கு கீழயே சின்ன எழுத்துல ஒரு வரி போடுங்க. அப்புறம், வானிலை ஆய்வு மையத்தோட புனே ஆபீஸ் 1951லேருந்து நாடு முழுக்க சதுரக் கட்டங்களா பிரிச்சு தினசரி அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலைய இலவசமா குடுக்குது, ஆனா அந்த ஃபைல எக்செல்ல திறக்க முடியாது, கொஞ்சம் ப்ரோகிராமிங் தெரிஞ்சவங்க வேணும், அப்படிப்பட்டவங்க உங்க ஆபீஸ்ல கண்டிப்பா இருப்பாங்க. அவங்கள விட்டு தமிழ்நாட்டுக்கு மட்டும் பத்து வருஷ சராசரி கிராஃப் ஒண்ணு போட்டு, அதே 1991–2020 அளவுகோல்ல உலக கோட்டையும் அது மேலயே வரைஞ்சு, வர்ற ஜனவரியில போன வருஷக் கணக்கு வெளியாகும்போது அரைப்பக்கத்துக்கு போடுங்க.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியை ஒருவர்,
சென்னை