தை அமாவாசைக்குள் பதில் போடு

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சம்பா பாதி அறுத்தாச்சு; மீதி சாய்ந்து கிடக்கிறது, ஈரத்தில் மெஷின் இறங்க மாட்டேன் என்கிறது. அது கிடக்கட்டும். ராத்திரி கண் விழிக்காதே.

உலகத்துச் சண்டைக்கெல்லாம் மதம்தான் காரணம், அந்தச் சங்காத்தமே வேண்டாம் என்று அத்தையிடம் போனில் சொன்னாயாமே. என்னிடம் சொல்லக் கூடாதா? நம் தெருவில் உன் அளவுக்குப் படித்தவன் இல்லை என்று பீற்றிக்கொள்கிறேன். சரித்திர டீச்சர் பிள்ளை இப்படிப் பாதி கணக்கோடு பேசலாமா?

மதத்தின் பேரால் வெட்டிக்கொண்டது உண்டு. 1947 பிரிவினையில் லட்சக்கணக்கில் செத்தார்கள். ஆனால் இரண்டு உலகப் போரும் எந்தச் சாமிக்காக நடந்தன? 1994-இல் ருவாண்டாவில் வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவர்களும் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள்தான். சர்ச்சுக்குள் ஒளிந்தவர்களைக்கூட விடவில்லை. கம்போடியாவை அப்போது ஆண்ட போல் பாட்டின் ஆட்கள் பிக்குகளின் காவியையே உரித்தார்கள். 1975-இலிருந்து 1979-க்குள் அங்கே போன உயிர் 15 லட்சத்துக்கும் மேல்.

அவ்வளவு தூரம் எதற்கு? தஞ்சாவூரையும் உறையூரையும் கொளுத்திய சுந்தர பாண்டியன், அப்புறம் சிதம்பரத்துக்குப் போய்க் கும்பிட்டான். தோற்ற சோழனும் சிவபக்தன்தான்.

வெண்மணியை மறந்துவிட்டாயா? 1968 டிசம்பர் 25 ராத்திரி, தலித் கூலிக்காரர் குடும்பத்தார் 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, பண்ணையார் ஆட்கள் வைத்த தீயில் ஒரு குடிசைக்குள் கரிக்கட்டையானார்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள், சங்கத்தை விடமாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான். அந்த ராத்திரியைப் பற்றித் தாத்தா கடைசிவரை வாய் திறக்காதது உனக்குத் தெரியும். சாதியும் மதம் பெற்ற பிள்ளைதானே என்று மடக்குவாய். மடக்கு. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அன்றைக்கு அங்கே யாரும் சாமி பேரைச் சொல்லித் தீ வைக்கவில்லை. மண்ணும் கூலியும் யார் கையில் என்பதுதான் வழக்கு. மதம் கூட்டம் சேர்க்கும், நான் இல்லை என்கவில்லை. எதற்குச் சேர்க்கிறார்கள் என்று பார் என்கிறேன்.

சரி, உன் கொள்கை உன்னோடு இருக்கட்டும். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவதில் யார் தலையும் உருளப்போவதில்லை. பூம்புகாருக்கு விடியற்காலையே கிளம்ப வேண்டும், கூட்டம் தாங்காது. மந்திரத்தை ஐயர் சொல்லிக்கொள்வார், நீ பக்கத்தில் நின்றால் போதும். ராத்திரி கண் விழிக்காதே, வேளைக்குச் சாப்பிடு.

டிக்கெட் போட்டாயா? சித்தப்பா கேட்டதற்குப் போட்டுவிட்டான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மா