எஃப்எம் நிகழ்ச்சித் தலைவர்களுக்கு: அந்த ஒற்றை வரியைக் காதால் படியுங்கள்

தமிழ் எஃப்எம் நிலையங்களின் நிகழ்ச்சித் தலைவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு பாட்டுக்கு நடுவே நிலையத்தின் பெயரோடு ஓடுகிற அந்த ஒற்றை வரியை, தொழிலில் 'லைனர்' என்கிறோமே அதை, பற்றித்தான் இந்த மடல். மணிக்குப் பத்துத் தடவை போகிறது என்று வைத்துக்கொண்டால், தினமும் ஒரு மணி நேரம் கேட்கிறவர் காதில் அது மாதத்துக்கு 300 தடவை விழுகிறது. எந்த ஹிட் பாட்டுக்கும் இந்த யோகம் கிடையாது. அப்படிப்பட்ட வரியை எழுதுவது பிரசன்டேஷன் திரையில், தேர்வு செய்வது கண்ணால் படித்து. கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் 'நாங்கள்தான் நம்பர் ஒன்' என்கிற வரி. நேயர் கணக்கெடுக்கும் டாம் நிறுவனம், கேட்டதை எழுதிவைக்க டைரி கொடுத்து வானொலி நேயர்களை அளந்த நகரங்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு. சென்னை அந்தப் பட்டியலிலேயே இல்லை. வேறு சர்வே இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும். விளம்பரப் பலகையில் எந்தச் சர்வே, எந்த வயதுக்காரர்கள், எந்த நேரம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டுவிடலாம். காற்றில் பொடி எழுத்து கிடையாது. டயலைத் திருப்பினால் அடுத்தவரும் நம்பர் ஒன்.

'நான்-ஸ்டாப் ஹிட்ஸ்' இன்னும் மோசம். வரி முடிந்த கையோடு நகைக்கடை, ரியல் எஸ்டேட், கோச்சிங் சென்டர் என்று விளம்பரம் வரிசை கட்டும். தன்னைத்தானே பொய்யாக்கிக்கொள்ளும் வரியைத்தான் ஜனங்கள் கிண்டலுக்கென்றே ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். நியூயார்க்கின் 1010 வின்ஸ் செய்தி வானொலி '22 நிமிடம் கொடுங்கள், உலகத்தைக் கொடுக்கிறோம்' என்று சொன்னதும் பெருமைதான். ஆனால் கேட்கிறவர் கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். நம் தனியார் எஃப்எம்களுக்குச் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை. எல்லோரிடமும் அதே சினிமாப் பாட்டுதான். அதனால் வித்தியாசத்தைச் சொல்லும் வேலையில் பாதி இந்த வரியின் தலையில் விழுகிறது. 'உங்கள் இதயத் துடிப்பு' என்றால் அந்த வேலை நடக்காது. எந்த நிலையத்தின் பெயரை அதற்கு முன்னால் ஒட்டினாலும் பொருந்தும்.

சூரியன் எஃப்எம்மின் 'கேளுங்க கேளுங்க கேட்டுக்கிட்டே இருங்க' வரியைப் பலர் மட்டம் என்பார்கள். வாக்குறுதி எதுவும் இல்லை, கெஞ்சல்தான். நாங்கள் கட்சி மாறி நிற்கிறோம். யாப்புக் கணக்கை விட்டுவிட்டு வாய் திறக்கிற கணக்கைப் பாருங்கள்: 13 தடவை, இரண்டு விநாடியில் சொல்லி முடித்துவிடலாம். மூன்று சொல்லில் 'கே' மோனை. பேசுகிற தமிழ். 'கேளு' என்றால் செவிகொடு என்றும் அர்த்தம், வேண்டியதைக் கேள் என்றும் அர்த்தம், நேயர் விருப்பத்துக்கும் அதுவே பொருந்தும். இதைப் பார்த்து வந்த நகல்களில் 'கேளுங்க' மட்டும் இருந்தது, மோனை போய்விட்டது.

ரேடியோ மிர்ச்சியின் 'செம ஹாட் மச்சி'யில் இயைபு கச்சிதம். மும்பை வரியை அப்படியே பெயர்த்து வைக்காததும் புத்திசாலித்தனம். அந்த இந்தி வரியில் 'கேட்கிறவர்' என்பதற்கு வரும் சொல் தமிழ்க் காதில் கெட்ட வார்த்தையாக விழும், அதை இங்கே மைக்கில் சொன்னால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் 'மச்சி' என்ற விளி கல்லூரி வாசலுக்குச் சரி. இப்படி ஒரு விளியை வைக்கிறவர்கள், காலை ஆறு மணி பக்திப் பாட்டுக்குப் பின்னால் ஓட்ட விளி இல்லாத இன்னொரு பதிவையும் எடுத்து வையுங்கள்.

இனி ஒலிப்பதிவு. 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று நிலையங்கள் 0.8 இடைவெளியில் உட்கார்ந்திருக்கின்றன. முதல் இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி இலக்கத்தில் மட்டும்தான். அந்த இலக்கத்தின் மேல்தான் எக்கோவைக் கொட்டுகிறீர்கள். எண்ணை நல்ல தமிழில் சொல்ல ஆசை வருவது நியாயம்தான், ஆனால் 'தொண்ணூற்று மூன்று புள்ளி ஐந்து' என்பதற்கு வாய் ஒன்பது தடவை திறக்கிறது, 'நைன்டி த்ரீ பாயின்ட் ஃபைவ்' ஐந்தாறில் முடிகிறது. தமிழில் சொல்வதென்றால் சொல்லுங்கள், அதற்கு நேரம் கொடுங்கள். ஏழெட்டு விநாடி வரியை வேகம் கூட்டி நாலில் அடைத்தால் முதலில் சாவது 'ழ'. 'மகிழ்ச்சி' 'மகிச்சி' ஆகிவிடும்.

'ச', 'ஸ்' அடுத்தடுத்து வரும் வரிகளை எழுதும்போதே தவிருங்கள். எஃப்எம் ஒலிபரப்பில் ப்ரீ-எம்ஃபசிஸ் என்கிற ஏற்பாடு மேல்ஸ்தாயி ஒலிகளைத் தூக்கி அனுப்புகிறது. ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரில் ஏற்கெனவே நசுக்கிய குரலில் 'சூப்பர் ஸ்பெஷல் சண்டே' வந்தால், அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டர் அமுக்கும், அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வரும். கனத்த குரல்காரரைத் தேடிப் பிடித்து அடித்தொண்டையில் பேசவைப்பதும் வீண். போனின் சின்ன ஸ்பீக்கரில் அந்தக் கனம் வரவே வராது. போன பாட்டின் வால் வரியின் முதல் சொல்லை மூடிவிடும் என்பதால் நிலையத்தின் பெயர் கடைசியில் வரட்டும், அதன் மேல் வாத்தியம் வேண்டாம்.

வரியே இல்லாமலும் நிற்கலாம். 'ஆகாசவாணி, செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி' என்பதில் கோஷம் எங்கே இருக்கிறது?

அடுத்த வரிக்கு ஒப்புதல் கொடுக்கும் முன் திரையை அணைத்துவிடுங்கள். மூன்று பதிவுகளைச் சாதாரண போனில், ஜன்னல் திறந்த ஆட்டோவில், ஒவ்வொன்றும் ஒரே தடவை போட்டுக் காட்டுங்கள். பத்து நிமிடம் கழித்து டிரைவரிடம் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எண்ணைத் தப்பாகச் சொன்னால் மிக்ஸிங்கைத் திருத்துங்கள். வேறு நிலையத்தின் பெயரைச் சொன்னால் வரியைத் தூக்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
லைனர் எழுதுகிறவர்களும் அதை வெட்டி ஒட்டுகிறவர்களும்