எக்ஸ்ரே அங்கிருந்துதான் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில், விண்வெளியில் சுற்றும் எக்ஸ்ரே தொலைநோக்கிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்ததும் மகிழ்ச்சி. ஆனால் அவை நட்சத்திரங்கள் மீது எக்ஸ்ரேயைப் பாய்ச்சிப் படம் எடுக்கின்றன என்று ஒரு வரி வந்திருக்கிறது. அது தவறு. மதுரையில் 31 வருடம் எக்ஸ்ரே டெக்னீஷியனாக வேலை பார்த்தவன் நான்; அப்படியே விட மனம் வரவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் குழாயிலிருந்து கதிர் கிளம்பி, கையையோ நெஞ்சையோ ஊடுருவி, பின்னால் இருக்கும் பிலிமில் விழும். வானத்துக்கு நாம் எதையும் அனுப்புவதில்லை. வருவதை வாங்கிக்கொள்வது மட்டும்தான் தொலைநோக்கியின் வேலை. நட்சத்திரம் வெடிக்கும்போதும், கருந்துளையைச் சுற்றிச் சுழன்று வாயு உள்ளே விழும்போதும், அந்த வாயு லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாகும். அவ்வளவு சூட்டில் அதுவே எக்ஸ்ரேயை உமிழும்.

சரி, அந்தத் தொலைநோக்கியைக் கொடைக்கானலில் வைத்தால் என்ன என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதையும் சேர்த்தால், பத்து மீட்டர் ஆழத் தண்ணீரின் எடை வரும். விண்ணிலிருந்து வரும் எக்ஸ்ரே அதைத் தாண்டாது. மலை உச்சிக்குப் போனாலும் பயனில்லை. அதனால்தான் எக்ஸ்ரே தொலைநோக்கிகள் கொண்ட நம் இந்தியச் செயற்கைக்கோள் அஸ்ட்ரோசாட்டை 2015-ல் 650 கி.மீ. உயரத்தில் சுற்ற விட்டார்கள். இந்தத் தொலைநோக்கியின் கண்ணாடியும் வேறு மாதிரி. நேராகப் பட்டால் எக்ஸ்ரே உள்ளே புகுந்துவிடும். கண்மாயில் ஓட்டாஞ்சில்லைத் தட்டையாக வீசினால் தத்திப் போகுமே, அதுபோல மிகச் சாய்வாகப் பட்டால்தான் திரும்பிக் குவியும்.

2017 ஆகஸ்ட் 17-ஐயும் நீங்கள் எழுதியிருக்கலாம். 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய செய்தி அன்றுதான் பூமிக்கு வந்தது. நியூட்ரான் நட்சத்திரம் என்றால், சூரியனைவிட அதிக எடை, மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் இடைப்பட்ட தூரத்துக்குள் அடங்கியது. இரண்டு நாள் கழித்து விண்வெளியில் சுற்றும் சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி பார்த்தது; எக்ஸ்ரே எதுவும் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் தெரிந்தது. டிசம்பரில் இன்னும் பிரகாசமாக இருந்தது. மோதலில் பீறிட்ட தாரை நம்மை நோக்கி வராமல் விலகிப் பாய்ந்திருக்கிறது. அது வேகம் குறைந்த பிறகுதான் அதன் எக்ஸ்ரே நம் பக்கமும் பரவியது.

இதைப் படித்தபோது எனக்கு வேலை நினைவுதான் வந்தது. மணிக்கட்டு எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தால் விழுந்த அன்று பிலிமில் தெரியாமல் போகும். கட்டுப் போட்டு அனுப்பிவிட்டு, பத்து நாள் கழித்து மறுபடி எடுத்தால் கோடு தெளிவாக விழும். காரணம் வேறுதான். ஆனாலும் ஒன்றும் இல்லை என்று மூடிவிடாமல் அந்த விஞ்ஞானிகள் திரும்பப் பார்த்தார்களே, அதில் எனக்குப் பெரிய மரியாதை.

திருத்தத்தை வரும் ஞாயிறு அதே பக்கத்தில் வெளியிடுங்கள். அப்புறம், 1999-ல் ஏவப்பட்ட அந்தச் சந்திராவின் பெயர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியல் விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக வைத்தது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பிள்ளைகள் அதையும் வெட்டி ஒட்டட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.